ஓசோன் தொட்டிக்குப் பிறகு

முதலில் வயிறுதான் கெட்டது. வயிறு கெட்டதையெல்லாம் யாராவது பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வார்களா? எங்கள் வீட்டில் எடுத்துக்கொள்ளவில்லை. "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஐஸ் போட்டுக் கரும்புச்சாறு குடிச்சல்ல, அனுபவி வசந்தா" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அதைத்தான் நினைத்தேன். மருந்துக்கடையில் சொல்லி, போக்கை நிறுத்துகிற மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஷெட் என்றால் ஸ்ரீரங்கத்தில் நானும் என் ஓரகத்தி மல்லிகாவும் காய்கறி நறுக்கி விற்கிற இடம். மல்லிகா என் கொழுந்தன் மனைவி. வேலைக்குப் போகிற பெண்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. வாழைத்தண்டு நறுக்கி, வாழைப்பூ ஆய்ந்து, அவியலுக்கு ஒரு பாக்கெட், சாம்பாருக்கு ஒரு பாக்கெட் என்று போகும். சமைக்கிற காய்க்குப் பயமே இல்லை, மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்ளும். பயமெல்லாம் பச்சையாகத் தின்கிற வெள்ளரி, கேரட், ஊறவைத்த பருப்பில் கலக்கிற கோசுமல்லிக்குத் துருவியது ஆகியவற்றில்தான். முழு வெள்ளரிக்காவது தோல் என்று ஒரு சட்டை இருக்கிறது. நறுக்கிவிட்டால் சாறு கசியும், அந்தச் சாறே கிருமிக்குச் சாப்பாடு. ஒரு அழுக்குக் காயைக் கழுவின தண்ணீரில் நூறு நல்ல காய் கெட்டுப்போகும்.

வெந்நீரில் போட்டால் கிருமி சாகும், கூடவே வெள்ளரியும் செத்துப்போகும். அதனால் சூடே காட்டாமல் கிருமியை எடுக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் பார்த்தோம். முதலில் குளோரின் கரைத்த தண்ணீரில் முக்கினோம். "உங்க கேரட்டைத் தின்னா நீச்சல் குளத்துல வாயைத் திறந்த மாதிரி இருக்குங்க" என்று ஒரு டீச்சர் சொன்னார். வினிகர் தண்ணீரில் போட்டால் புளித்தது. புற ஊதா விளக்குப் பெட்டி ஒன்று வந்தது. வெளிச்சம் பட்ட பக்கம் கிருமி சாகும், நிழல் பக்கம் சௌக்கியமாக இருக்கும். கடைசியில் துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் ஓசோன் தொட்டி செய்து வாங்கினோம். ஓசோன் ஒரு வாயு. குளிர்ந்த தண்ணீரில் அதைக் குமிழி குமிழியாக விட்டால் கிருமியின் தோலைக் கிழித்துவிடும். வேலை முடிந்ததும் தானும் வெறும் காற்றாகிப் போய்விடும். வாசனையோ ருசி மாற்றமோ இருக்காது. அந்தத் தொட்டியை நாங்கள் பூப்போட்டுக் கும்பிடாத குறைதான்.

தினமும் கட்டி முடித்த டிரேயிலிருந்து ஒரு கைப்பிடி நான் தின்று பார்ப்பேன். ஒரே ஒரு கசப்பு வெள்ளரி கலந்தாலும் பாக்கெட்டெல்லாம் திரும்பி வரும். அன்றைக்கும் தின்றேன். வயிறு கெட்டிருக்கும்போதே தின்றேன்.

அப்புறம் ரத்தமாகப் போனது. மறுநாள் அதுவும் நின்றது, நானும் தப்பித்தோம் என்று நினைத்தேன். அதற்கடுத்து ஒரு காலையில் கண்ணாடியில் பார்த்தால் முகம் ஊதி, உதடு வெளுத்து, வேறு யாரோ போல இருந்தேன். மல்லிகாதான் கேட்டாள்: "அக்கா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?" யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அவள் உடனே ஓடிப்போய் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

காவேரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சியில் ஒரு மருத்துவமனை. அங்கே ரத்தம் எடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். திரும்ப ரத்தம் எடுத்தார்கள். வெளியே காத்திருந்த எல்லோர் கையிலும் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தன. என் பெயரைக் கூப்பிட வேண்டியவர்கள் கூப்பிடாமல், என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே வரச் சொன்னார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சிறுநீரக டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். "உங்க குடலுக்குள்ள ஒரு கிருமி போயிருக்கு. ஈ கோலைன்னு சொல்லுவோம். அதுல பல ஜாதி சாதுதான், உங்களுக்கு வந்தது விஷம் கக்கற ஜாதி. அந்த விஷம் ரத்தத்துல கலந்து கிட்னியில இருக்கற நூல் மாதிரி ரத்தக்குழாய்களை அடைச்சிடுச்சு. அந்த அடைப்புல உரசி உரசி சிவப்பணுக்கள் உடைஞ்சு போகுது. வெளுத்திருக்கீங்க பாருங்க, அதனாலதான்."

"வயித்துப்போக்கு நின்னுடுச்சே டாக்டர்?"

"மாத்திரை போட்டீங்களா? அதான் நின்னுது. திருடனை உள்ள வெச்சுக் கதவைப் பூட்டிட்டீங்களேம்மா."

இதற்கு நேரடி மருந்து இல்லையாம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் சாகிற கிருமி இன்னும் விஷத்தைக் கக்கிவிட்டுச் சாகலாம் என்று அதையும் கொடுக்கவில்லை. சிறுநீரகம் தானாக விழித்துக்கொள்ளும் வரை அதன் வேலையை இயந்திரம் செய்யும், அதுதான் டயாலிசிஸ். "முழிச்சுக்கலேன்னா?" என்றேன். டாக்டர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். போகும்போது சொன்ன ஒரு வார்த்தைதான் பிற்பாடு என்னைத் தூங்கவிடவில்லை: "பெரியவங்களுக்கு வர்றது கம்மி. அஞ்சு வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களைத்தான் இது அதிகமா பிடிக்கும்."

கழுத்தில் ஒரு பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு குழாயைச் சொருகித் தைத்தார்கள். அதன் வழியாக என் ரத்தம் வெளியே போய், சுற்றி, திரும்ப வந்தது. பக்கத்துக் கட்டிலில் லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த ராஜாத்தி அம்மாள். பல வருஷமாக டயாலிசிஸில் இருக்கிறவர். "வாரத்துக்கு மூணு நாள் பொறந்த வீட்டுக்கு வந்துடுவேன். என்ன, பொறந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி மட்டும் கேக்கக்கூடாது" என்பார். சிறுநீர் போகாத உடம்புக்குத் தண்ணீர் விஷம். அளந்துதான் தருவார்கள். அந்த வார்டில் யாராவது பாட்டில் மூடியைத் திருகினால் அத்தனை தலையும் திரும்பும்.

மல்லிகா தினமும் வந்தாள். உப்பில்லாத சாப்பாட்டைக் கூட ருசியாக ஆக்க ஏதோ செய்துகொண்டு வருவாள். குழாய்ப் பக்கம் சீப்பு போகாமல் தலை வாரிவிடுவாள். ஷெட் நடந்துகொண்டுதான் இருந்தது. எல்லோரும் கரும்புச்சாற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டிருந்தோமே. தவிர, ராம நவமி வருகிறது. தெருக்காரர்கள் போடுகிற நீர்மோர்ப் பந்தலுக்கு எங்களிடம்தான் கோசுமல்லிக்குக் காய் சொல்லியிருந்தார்கள். பந்தலில் முதலில் வந்து கையை நீட்டுகிறது யார்? பிள்ளைகள்தான்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அவர் கைலாசபுரத்தில் குடியிருந்து அங்கே பெரிய தொழிற்சாலையில் வெல்டிங் சோதிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழாய் ஒழுகினால், எந்த இணைப்பில் ஒழுகுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிற புத்தி. ஷெட்டுக்குப் போய், வந்த காயில் கொஞ்சம், ஓசோன் தொட்டியிலிருந்து எடுத்ததில் கொஞ்சம், கட்டி முடித்த டிரேயில் கொஞ்சம் என்று தனித்தனியாக எடுத்து ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தார். முடிவு வந்த அன்று என் கட்டிலுக்கு அருகில் வந்து நின்று, உட்காராமலே சொன்னார்:

"வந்த காயில கொஞ்சம் கிருமி இருக்கு. அது சகஜமாம். தொட்டியிலேருந்து எடுத்ததுல இல்ல. கட்டின டிரேயில எக்கச்சக்கமா இருக்கு."

"தொட்டிக்கும் டிரேக்கும் நடுவுல என்னங்க இருக்கு? தண்ணி வடியற கூடைதானே?"

"அதைத்தான் மல்லிகாகிட்டயும் கேட்டேன். தொட்டிக்கு அப்புறம் தண்ணி ஏதாவது படுதாம்மான்னேன். சத்தியமா இல்ல மாமான்னுச்சு. டிரேதான் அழுக்கா இருக்கும்னு எல்லாத்தையும் கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்தித் தேய்ச்சு வெச்சுட்டா. நாளைக்குப் பந்தல் ஆர்டர் வேற இருக்கு."

மல்லிகா பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியானால் டிரேதான். நானும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்று மதியம் அவள் வந்தாள். கூடையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள்.

"கண்ணை மூடுங்கக்கா."

"எதுக்குடி?"

"மூடுங்கன்னா மூடுங்க. டாக்டர் சொன்னா மட்டும் உடனே கேக்கறீங்கல்ல."

மூடினேன். நெற்றியில் சில்லென்று நாலு சொட்டு விழுந்தது. அந்த ஈரம் மூக்கோரமாக இறங்கியபோது, தாகத்தில் நாக்கை நீட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"காவேரித் தீர்த்தம். உங்களுக்காகவே முழுகிட்டு எடுத்துட்டு வந்தேன். கவலைப்படாதீங்க. தினம் டிரே மேலயும் உங்க பேரைச் சொல்லித்தான் தெளிக்கிறேன்."

கண்ணைத் திறந்தேன். "எந்த டிரே மேல?"

"எல்லாத்து மேலயும்தான். நம்ம மாமி ஒருத்தங்க இருக்காங்கல்ல, பெருமாளுக்குப் படைக்க வாங்கறவங்க? 'மெஷின்ல முக்கினதைப் பெருமாளுக்கு எப்படிக் கண்டருளப் பண்றது, காவேரி ஜலம் நாலு சொட்டாவது தெளிச்சுக் குடுங்கோ'ன்னாங்க. முதல்ல அவங்க பாக்கெட்டுக்கு மட்டும்தான் தெளிச்சேன். அப்புறம் நல்லதுதானே, எல்லாருக்கும் இருக்கட்டுமேன்னு விட்டேன். கேன்ல பிடிச்சு வெச்சிருக்கேன், நீங்க வாசல்ல கணக்குப் பார்க்கறப்ப தெளிச்சுடுவேன். நீங்க படுத்ததுலேருந்து கொஞ்சம் தாராளமாவே தெளிக்கிறேன்க்கா."



"தண்ணி பட்டுச்சான்னு அவர் கேட்டாரே மல்லிகா."

"ஆமா, கேட்டாரு. தண்ணி எங்கக்கா பட்டுச்சு?"

அவள் முகத்தில் கள்ளமே இல்லை. அவளுக்குத் தண்ணீர் என்றால் குழாயில் வருவது. இது வேறு. கும்பிட்டு எடுத்தது. அதைத் தண்ணீர் என்று யாராவது சொன்னால் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஓசோன் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போய்விடுகிற ஆள், வாசலில் காவலுக்கு உட்காருகிற ஆள் இல்லை. அது போன பிறகு ஒரு சொட்டில் ஒரு கிருமி வந்தாலும் அதைத் தடுக்க அங்கே யாருமில்லை. போட்டிக்கு வேறு கிருமிகூட இல்லாத காலி வீடு. நறுக்கின காயில் அது இஷ்டத்துக்குப் பெருகும். மாடு இறங்குகிற, சாக்கடை கலக்கிற ஆறு. அதைக் கேனில் பிடித்து நாள்கணக்கில் வைத்துத் தெளித்தால்...

"வாயைக் கழுவுங்கக்கா!" என்றாள். கோபத்தில் அவள் மூக்கு சிவந்துவிட்டது. "காவேரில கிருமியா? பொறந்ததுலேருந்து முழுகறோம், வாய் கொப்பளிக்கிறோம். செத்தா போயிட்டோம்?"

பக்கத்துக் கட்டிலிலிருந்து ராஜாத்தி அம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அந்தக் கேள்வியை வேற எங்கயாவது போய்க் கேளு தாயி. இந்த வார்டுல கேக்காத."

நான் கழுத்தைத் திருப்பிக் குழாயைக் காட்டினேன். நர்ஸ் அதைத் தொடுவதற்கு முன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, உறை மாட்டி, முகமூடி போட்டுக்கொள்வதை மல்லிகா தினமும் பார்த்திருக்கிறாள்.

"அந்த பாட்டில்ல இருக்கறதுல ரெண்டு சொட்டு, இந்தக் குழாய் வாயில விடு."

"என்னக்கா பேசறீங்க?"

"காவேரித் தீர்த்தம்தானே. எனக்கு நல்லதுதானே நடக்கும். விடு."

பாட்டிலைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அவள் கை முன்னே வரவில்லை.

"எனக்கு விட உனக்கு மனசு வரல பாரு. நாளைக்குப் பந்தல்ல எந்தப் பிள்ளை கையை நீட்டும்னு உனக்குத் தெரியுமா மல்லிகா?"

பாட்டிலை மூடிக் கூடைக்குள் வைத்தாள். எழுந்து போனாள். கூடையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. கோபமா, நம்பவில்லையா, இல்லை தெருக்காரர்களுக்குச் சொன்ன வாக்கை எப்படி மீறுவது என்று ராவோடு ராவாக நறுக்கிக்கொண்டிருக்கிறாளா, எதுவும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குப் போனார். பூட்டியிருந்தது. ராம நவமி அன்று வெயில் ஏறின பிறகு பந்தலுக்கே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். அந்த வெயிலில், பத்து வயசுப் பிள்ளையும் ரெண்டு வயசுப் பிள்ளையும் வாழையிலைத் துண்டில் வாங்கித் தின்கிறதை நான் இங்கே படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடினாலும் அதுதான்.

அவர் வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார். பல நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

"சுண்டல்!" என்றார். "நறுக்கினது அத்தனையையும் குழி தோண்டிப் புதைச்சுட்டா. பருப்பை வேக வெச்சு, ஆவி பறக்கச் சுண்டல் கொண்டாந்து குடுக்கறா. ஒருத்தர் கேக்கறாரு, 'ஏம்மா மல்லிகா, ராமர் பொறந்த நாளைப் பிள்ளையார் சதுர்த்தின்னு நெனச்சுட்டியா?'ன்னு. இவ சளைக்காம, 'ஆமாங்க, வயசாவுதுல்ல'ங்கறா."

"பானகத்துக்கு என்ன தண்ணிங்க?"

"காய்ச்சி ஆற வெச்சதாம். நான் கேக்கறதுக்கு முன்னாடி அவளே சொன்னா."

அப்போதுதான் நான் அழுதேன். அந்தக் கேனில் மிச்சமிருந்ததை அவர் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தார். டாக்டர் சொன்ன அதே விஷம் கக்குகிற ஜாதி அதில் இருந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு நாங்களே தகவல் சொன்னோம். வந்து ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

ஆனால் பந்தலுக்கு முந்தின நாட்களில் போன பாக்கெட்டுகள் இருக்கின்றனவே. ராம நவமி அன்று சாயங்காலமே மல்லிகாவும் என் வீட்டுக்காரரும் வாடிக்கை வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். "வீட்டுல யாருக்காவது வயித்துல ஏதாவது?" என்று வாசலில் நின்று கேட்பது லேசில்லை. சில பேர் திட்டினார்கள். அந்த மாமி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். "நான்தானேடி சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இல்லை, இல்லை என்றே வந்தது. ஒரு வீடு மட்டும் பூட்டியிருந்தது.

அது வங்கியில் வேலை பார்க்கிற கவிதாவின் வீடு. அவளுக்கு நாலு வயசுப் பெண், பெயர் நிலா. எங்கள் வெள்ளரித் துண்டு இல்லாமல் அந்தக் குழந்தை பள்ளிக்கூட டப்பாவைத் தொடாது என்று கவிதாவே பெருமையாகச் சொல்வாள். எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "பாப்பாவுக்கு ரத்தமா போகுதுன்னு தூக்கிட்டு ஓடினாங்க." எந்த மருத்துவமனை என்று கேட்டால், நான் படுத்திருந்த அதே மருத்துவமனை. எனக்குக் கீழ் மாடி. இத்தனை நாளும் மல்லிகா கூடையோடு லிஃப்டில் அந்த மாடியைத் தாண்டித்தான் என்னிடம் வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எனக்குச் சிறுநீர் வந்தது. ஒரு சின்ன டம்ளர் அளவுகூட இருக்காது. நர்ஸ் கையைத் தட்டினாள், ராஜாத்தி அம்மாள் "உனக்குப் பொறந்த வீட்டு வாசம் முடிஞ்சுது, ஓடு" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. கீழே அந்தக் குழந்தைக்கு அதே காலையில், சின்ன உடம்பு என்பதால் கழுத்துக்குப் பதில் வயிற்றில் குழாய் வைத்து டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தார்கள்.

மல்லிகாவை யாரும் போகச் சொல்லவில்லை. டாக்டர் மூலமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட என் வீட்டுக்காரர் சொன்னார். அவள் தானே போனாள். திரும்பி வந்து என் கட்டில் காலடியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"ஐசியு வாசல்ல பெஞ்சுல கவிதா உட்கார்ந்திருந்தா. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன்க்கா. கேன், தீர்த்தம், எல்லாம்."

"என்ன சொன்னா?"

"அடிப்பான்னு நெனச்சேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தா. அப்புறம், 'இதை டாக்டர்கிட்ட சொன்னா பாப்பாவுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?'ன்னு கேட்டா. இருக்கலாம்னேன். 'அப்ப வாங்க, சொல்லுங்க'ன்னு எழுந்தா. டாக்டர் வர நேரமாச்சு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அவ என்னை உட்காரவும் சொல்லல, போகவும் சொல்லல."

எனக்குக் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தேன். சிறுநீரகம் முழுசாகத் திரும்பவில்லை, பாதி தாண்டி வந்திருக்கிறது, அது போதும் என்கிறார் டாக்டர். ரத்த அழுத்த மாத்திரை காலம் பூராவும் உண்டு. நிலா எனக்குப் பிறகும் வெகுநாள் அங்கே இருந்தாள். இப்போது வீட்டில் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கும் மாத்திரை உண்டு, பொடித்துத் தேனில் குழைத்துத் தருகிறார்கள். குழந்தைகளின் சிறுநீரகம் நன்றாகத் தேறும் என்கிறார்கள். சில பேருக்குப் பல வருஷம் கழித்தும் கெடும் என்றும் அதே வாயால் சொல்கிறார்கள்.

ஷெட்டைத் திறந்துகொள்ள அனுமதி வந்துவிட்டது. சமைக்கிற காய் மட்டும் நறுக்குகிறோம். பச்சைக்காய் எப்போது என்று வாடிக்கைக்காரர்கள் கேட்கிறார்கள். தொட்டி துடைத்து மூடியபடி இருக்கிறது. மல்லிகா காவேரிக்குப் போகிறாள், முழுகுகிறாள், வெறுங்கையோடு வருகிறாள்.

நிலாவுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிற நாளில் கவிதாவுக்கு வங்கியில் விடுப்பு கிடைப்பது கஷ்டம். ஒரு தடவை மல்லிகா ஆட்டோவோடு போய் அவர்கள் வாசலில் நின்றாள். கவிதா குழந்தையின் கையை இவள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அதிலிருந்து மல்லிகாதான் கூட்டிக்கொண்டு போகிறாள்.

அந்த நாட்களில் நான் நறுக்குகிற வேலையைப் போட்டுவிட்டு ஷெட் வாசலில் உட்கார்ந்துவிடுவேன். ஆட்டோ நிற்கும். அவள் இறங்குவாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

"என்னடி சொன்னாங்க?"

"ரத்தத்துல கழிவு இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்காம். அடுத்த மாசமும் வரச் சொன்னாங்கக்கா."